பதில் வராத சிஸ்டம் நின்றுவிட்டதா, மூச்சுத் திணறுகிறதா? சிஸ்ப்ளெக்ஸ் நிலை பார்த்துப் பிழை நீக்கும் முறை

"அண்ணா, சிஸ்டம் செத்துப்போச்சு, டவுன் கொடுத்துடட்டுமா?"

புதுச்சேரியிலிருந்து எங்கள் குழுவில் சேர்ந்த தம்பி ஒருவன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனில் கேட்ட முதல் கேள்வி இது. டவுன் என்பது அந்த சிஸ்டம் நின்றுவிட்டது என்று மற்ற சிஸ்டங்களுக்கு நாம் கொடுக்கும் பதில். அவனுக்குப் பின்னால் வந்த எல்லோரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: செத்துப்போச்சுன்னு யார் சொன்னது? 2020-இல் சென்னையிலிருந்து கடலூருக்குத் திரும்பி வந்ததிலிருந்து மஞ்சக்குப்பத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்கிறேன். வாடிக்கையாளருக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. இசட் ஓஎஸ் என்பது ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயங்குதளம்; அதில் ஓடும் நான்கு சிஸ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் ஒரு சிஸ்ப்ளெக்ஸ் எங்களுடையது. டிஸ்க், கேட்டலாக் (எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் என்ற பட்டியல்), டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நான்கும் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கட்டளைகளை நாம் ஷிஃப்டில் வாயால் சொல்லிக்கொள்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், மெசேஜ் எண்களுக்கு முன்னால் வரும் ஐஎக்ஸ்சி என்பதையும் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

முதலில், யார் யாரைப் பார்க்கிறார்கள்

சிஸ்ப்ளெக்ஸில் இருக்கிற ஒவ்வொரு சிஸ்டமும் சில வினாடிக்கு ஒருமுறை கப்புள் டேட்டா செட் என்ற பொதுப் பதிவேட்டில் தன் நேரத்தை எழுதிவிட்டுப் போகும். நாடித்துடிப்பு மாதிரி. மற்ற சிஸ்டங்கள் அந்த நேரத்தைப் படித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒருவன் தன் நேரத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் 'ஸ்டேட்டஸ் அப்டேட் மிஸ்ஸிங்' என்ற நிலைக்கு அவனைத் தள்ளுவார்கள். இதையெல்லாம் செய்கிற பகுதியின் பெயர் எக்ஸ்சிஎஃப். இதோடு சேர்த்து, சிஸ்டங்கள் ஒன்றுக்கொன்று நேராகச் சிக்னலும் அனுப்பிக்கொள்கின்றன. அது தனி வழி. ஆக, ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள இரண்டு சாட்சிகள் இருக்கின்றன, பதிவேட்டில் எழுதும் நேரமும் நேரடிச் சிக்னலும். கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகாத கதைதான்.

கெடு எவ்வளவு என்று 'டி எக்ஸ்சிஎஃப்,சி' போட்டால் தெரியும். இன்டர்வல் என்ற தலைப்பின் கீழ் பல இடங்களில் 165 என்று இருக்கும். எங்கிருந்து வந்த எண் என்று பலர் கேட்கிறார்கள். எல்பார் என்பது ஒரு மெஷினைப் பிரித்து ஒரு சிஸ்டத்துக்குக் கொடுத்த பகுதி. சிபியுவைப் பகிர்ந்துகொள்ளும் எல்பாரில் ஸ்பின் நேரம், அதாவது ஒரு சிபியு இன்னொன்றுக்காகச் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் நேரம், 40 வினாடி. அபெண்ட், டெர்ம், ஏசிஆர் என்று மூன்று மீட்பு நடவடிக்கைகள் வழக்கமாக இருக்கின்றன, அதோடு ஒன்றைக் கூட்டி நாற்பதால் பெருக்கினால் 160, மேலே 5 வினாடி சேர்த்தால் 165. சிஸ்டம் தன் சொந்த முயற்சியில் எழுந்துகொள்ள இவ்வளவு நேரம் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் கணக்கு. நீங்கள் கப்புள் பாராமீட்டரில் இதைவிடச் சிறிய எண்ணைப் போட்டாலும் பெரியதையே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஆப்நோட்டிஃபை 168 என்று இருக்கும், ஆப்பரேட்டருக்குச் சொல்லும் நேரம், மூன்று வினாடி தள்ளி.

அறிகுறி: எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்தில் போய்விட்டது போல் தெரிகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் நம்ம ஊர்தான். நான்கும் ஒரே வினாடியில் காணாமல் போனால் பெரும்பாலும் போனது உங்கள் இணைப்பு. இணைப்பு போன பிறகும் எல்லாம் சரி என்று திரை காட்டுவதும் உண்டு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, இங்கே கடலூரிலும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. இன்வெர்ட்டரில் லேப்டாப் ஓடியது, இணைய இணைப்பு மட்டும் அறுந்திருந்தது. கண்காணிப்புத் திரையில் நான்கு சிஸ்டமும் பச்சையாக இருந்தன. பச்சையைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அது பதினெட்டு நிமிடத்துக்கு முந்தைய பச்சை என்று கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சிவப்பு வந்தால் ஆளை எழுப்பிவிடும், உறைந்துபோன பச்சை தூங்க வைத்துவிடும்.

அதனால் திரையின் நிறத்தை நம்பாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். திரையில் எங்காவது ஓடும் நேரம் இருக்கிறதா, அது நகர்கிறதா? நகரவில்லை என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மாறிப் பாருங்கள், அதுவும் இல்லை என்றால் வேறு ஊரில் இருக்கிற சக ஊழியரைக் கூப்பிட்டு அவர் கன்சோலில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். வானிலை மையம் நம்ம துறைமுகத்தில் கூண்டு ஏற்றச் சொன்ன அன்றே அடுத்த ராத்திரிக்கு வெளியூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்துவிடுகிறேன். இணைப்பு போன பிறகு தேட முடியாது.

அறிகுறி: ஐஎக்ஸ்சி402டி வந்து பதிலுக்குக் காத்திருக்கிறது

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறேன். 402டி சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பெயருள்ள சிஸ்டம் கடைசியாக இத்தனை மணிக்கு இயங்கியது, சிஸ்டம் ரீசெட் செய்த பிறகு டவுன் என்று பதில் கொடு, அல்லது இன்டர்வல் கொடுத்தால் மறுபடி கேட்கிறேன். அதில் முக்கியமான வார்த்தை 'ரீசெட் செய்த பிறகு'. நம்மில் பலர் அந்த வார்த்தைகளைத் தாண்டி டவுன் என்பதை மட்டும் படிக்கிறோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் டவுன் என்று சொன்ன உடனே மிச்சமுள்ள சிஸ்டங்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். அந்த சிஸ்டம் பிடித்து வைத்திருந்த பூட்டுகளையெல்லாம், பூட்டுக் கணக்கைப் பார்க்கும் ஜிஆர்எஸ் என்ற பகுதி விடுவிக்கும், காத்திருந்த ஜாப்கள் அந்த டேட்டா செட்டுகளுக்குள் (ஃபைல்களுக்குள்) நுழையும், எழுத ஆரம்பிக்கும். போனதாக நீங்கள் சொன்ன சிஸ்டம் உண்மையில் போகாமல், ஒரு நிமிடம் கழித்துக் கண் விழித்தால், தன் கையில் இன்னும் பூட்டு இருக்கிறது என்ற நினைப்பில் விட்ட இடத்திலிருந்து எழுதும். ஒரே இடத்தில் இரண்டு பேர் எழுதிய டேட்டாவை யாராலும் சரி செய்ய முடியாது, பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் வழி. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போன படகு ஒயர்லெஸ்ஸில் பதில் சொல்லவில்லை என்றால், அவன் விரித்த வலையை இழுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள், வேறு படகு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். நமக்கு அப்படிப் போய்ப் பார்க்கிற படகு எச்எம்சி, மெஷினையே நேராக இயக்கும் கன்சோல்.

2017-இல் நான் வேறு ஓர் இடத்தில் இருந்தபோது நடந்தது. டேட்டா சென்டரில் இருந்த ஒருவர் வேறொரு எல்பாரை நிறுத்தப் போய் எங்கள் எல்பாரின் மேல் ஸ்டாப் அழுத்திவிட்டார். மூன்று நிமிடத்துக்குள் எங்களுக்கு 402டி வந்தது. ஆப்பரேட்டர் என்னைக் கேட்டார், நான் எச்எம்சியைப் பார்க்காமல் "கொடுத்துடுங்க" என்று சொன்னேன். அவர் டவுன் கொடுத்த சில வினாடிகளில், அங்கே இருந்தவர் தவறைக் கண்டுபிடித்து ஸ்டார்ட் அழுத்தினார். அந்த சிஸ்டம் தான் வெளியேற்றப்பட்டதை உணர்ந்து 0ஏ2 வெயிட் ஸ்டேட்டில் (இயக்கம் நின்றுபோன நிலை) போய் நிற்பதற்குள் அது எழுத வைத்திருந்த கொஞ்சம் டேட்டா டிஸ்க்குக்குப் போய்விட்டது. ஒரு யூசர் கேட்டலாக் உடைந்தது. அதை மீட்டு முடிக்க மறுநாள் காலை ஒன்பது மணி. அன்று முதல் எச்எம்சியை என் கண்ணால் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

சரி, செய்ய வேண்டியது. முதலில் 'டி ஆர்,எல்' போட்டுக் காத்திருக்கும் பதில்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் கொடுக்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற இன்னொரு சிஸ்டத்திலிருந்து 'டி எக்ஸ்சிஎஃப்,எஸ்,ஆல்' போடுங்கள். ஒவ்வொரு சிஸ்டத்தின் பெயர், எந்த மெஷின், எந்த எல்பார், கடைசியாக நிலை எழுதிய நேரம், இப்போதைய நிலை எல்லாம் வரிசையாக வரும். பத்து வினாடி பொறுத்து மறுபடியும் போடுங்கள். ஒருமுறை பார்ப்பதில் பயன் இல்லை, இரண்டு முறை பார்த்தால்தான் எது நகர்கிறது என்று தெரியும். ஏ சிஸ்டத்துக்கு 02:14:07, அடுத்த முறை 02:14:18. பி-க்கும் அப்படியே. சி-க்கு மட்டும் இரண்டு முறையும் 02:11:22 என்றால் அதுதான் ஆள். அங்கே தெரிவது டேட்டா சென்டரின் நேரம், நம்ம கைக்கடிகார நேரம் இல்லை. இதில் குழம்பி "அஞ்சு மணி நேரமா செத்துக் கிடக்கு" என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எச்எம்சி. அந்த எல்பாரின் படத்தைத் திறந்து அது இயங்குகிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா, வெயிட் ஸ்டேட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். யாரோ ஸ்டாப் அழுத்தியிருந்தால், உடனே ஸ்டார்ட் அழுத்தினால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் யாரும் இன்னும் டவுன் கொடுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மட்டுமே. வெயிட் ஸ்டேட் கோடு தெரிந்தால் அதை அப்படியே எழுதி வையுங்கள், பிறகு காரணம் தேட அதுதான் ஆதாரம். இயங்குகிறது என்று காட்டுகிறது, ஆனால் நேரம் நகரவில்லை என்றால், சிபியு கிடைக்காமல் பட்டினி கிடக்கிறதா என்று பாருங்கள். அதே மெஷினில் வேறு எல்பார் முழு வேகத்தில் ஓடி, நம்ம எல்பாரின் சிபியு பங்கு குறைவாகவோ, அதற்கு உச்சவரம்பு போட்டோ இருந்தால் இப்படி ஆகும். இங்கே மருந்து அந்தப் பங்கைக் கூட்டுவது, சிஸ்டத்தை வெளியேற்றுவது இல்லை.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் டவுன் கொடுக்காமல் இன்டர்வல் கொடுங்கள், 'ஆர் 27,இன்டர்வல்=120' என்பது போல. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்கும். இடையில் சிஸ்டம் எழுந்து நேரத்தை எழுத ஆரம்பித்துவிட்டால் அந்தக் கேள்வி தானாகவே மறைந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் மிச்ச சிஸ்டங்களும் காத்திருக்கும் என்பதால் இதை இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

வெளியேற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், எச்எம்சியில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து, எல்பார் பெயரை வாய்விட்டுப் படித்து, ஃபோனில் இருப்பவரும் அதே பெயரைச் சொன்ன பிறகு ரீசெட் நார்மல். ரீசெட் கிளியர் வேண்டாம், அது நினைவகத்தை அழித்துவிடும், காரணம் தேட ஒன்றும் மிஞ்சாது. தனி டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுக்க வேண்டியிருக்குமா என்று சிஸ்டம் புரோகிராமரிடம் ரீசெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ரீசெட் முடிந்தது என்று எச்எம்சி சொன்ன பிறகு 'ஆர் 27,டவுன்'. அதன் பிறகு 101ஐ வந்து, அந்த சிஸ்டத்தைப் பிரித்து வெளியேற்றும் வேலை நடக்கிறது என்று சொல்லும், 105ஐ வந்தால் முடிந்தது.

102ஏ வந்தாலும் இதே ஒழுங்குதான். அது வருவது பெரும்பாலும் நீங்களே 'வி எக்ஸ்சிஎஃப்' கட்டளையால் ஒரு சிஸ்டத்தைத் திட்டமிட்டு வெளியே எடுக்கும்போது, அல்லது தானியங்கித் தனிமைப்படுத்தல் தோற்றுப்போகும்போது. முதல் வகையில் 371டி என்று ஓர் உறுதிக் கேள்வி முன்னால் வரும், சிஸ்டம் பெயரைத் திருப்பி எழுதச் சொல்லும். அதை நகல் எடுத்து ஒட்டாதீர்கள், கையால் தட்டுங்கள்.

அறிகுறி: நேரம் எழுதவில்லை, ஆனால் சிக்னல் வருகிறது

426டி, 427ஏ, 446ஐ என்று மூன்று மெசேஜ்கள் இந்த வகை. இரண்டு சாட்சிகள் முரண்படுகின்றன என்று அர்த்தம். பதிவேட்டில் கையெழுத்து இல்லை, ஆனால் ஆள் பேசுகிறான். இந்த நிலையில் சிஸ்டம் நிச்சயமாக உயிரோடு இருக்கிறது, அதனால் பெயரைக் கொடுத்து வெளியேற்ற அவசரப்படாதீர்கள். என் அனுபவத்தில் இது வந்தபோதெல்லாம் கப்புள் டேட்டா செட் இருக்கிற டிஸ்க்குக்குப் போகும் வழியில்தான் கோளாறு, அந்த ஒரு சிஸ்டத்திலிருந்து மட்டும். 'டி எக்ஸ்சிஎஃப்,சி' போட்டு அந்த டேட்டா செட் எந்த வால்யூமில் இருக்கிறது என்று பார்த்து, அந்த டிவைஸுக்கான பாதைகள் அந்த சிஸ்டத்தில் ஆன்லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

446ஐ-யில் ஒரு நேரம் குறிப்பிட்டிருக்கும். எஸ்எஃப்எம் பாலிசியில் (பதில் வராத சிஸ்டத்தைத் தானாக என்ன செய்வது என்ற விதிகள்) எஸ்சம்லிமிட் என்று ஒரு வரம்பு வைத்திருந்தால், அந்த நேரம் தாண்டியதும் சிக்னல் வந்தாலும் கவலைப்படாமல் சிஸ்டத்தைத் தானே வெளியே தள்ளிவிடும். அந்த நேரம்தான் உங்களுக்குக் கெடு.

அறிகுறி: எல்லாம் ஆக்டிவ், ஆனால் ஒன்றும் நகரவில்லை

இதுதான் கஷ்டமானது, ஏனென்றால் எந்தச் சிவப்பு மெசேஜும் முதலில் வராது. டிஎஸ்ஓ-வில் (பயனர்கள் நேரடியாக வேலை செய்யும் திரை) என்டர் தட்டினால் பதில் இல்லை, ஜாப்கள் வரிசையில் நிற்கின்றன, நான்கு சிஸ்டமும் நேரத்தை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கின்றன. ஒரு சிஸ்டத்துக்கு உடம்பு சரியில்லை, அதற்காக மற்ற மூன்றும் படுத்துவிட்டன. சிம்பதி சிக்னஸ் என்றே இந்தத் துறையில் பெயர். முழுசாகப் போன சிஸ்டத்தைவிடப் பாதி உயிரோடு இருக்கிற சிஸ்டம் ஆபத்து என்பது எவ்வளவு உண்மை என்று இங்கேதான் புரியும்.

'டி ஜிஆர்எஸ்,சி' போடுங்கள். எந்தப் பொருளுக்கு யார் சொந்தக்காரர், யார் காத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் சிஸ்டம் பெயர், ஜாப் பெயர், தனி உரிமையா பகிர்வா, கையில் வைத்திருக்கிறதா காத்திருக்கிறதா என்று இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் கண்ணால் துழாவாமல் 'டி ஜிஆர்எஸ்,அனலைஸ்,பிளாக்கர்' போட்டால் அதிகம் பேரைத் தடுத்து நிற்பவர் யார் என்று அதுவே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஒன்று காத்திருக்க, அதற்காக இன்னொன்று காத்திருக்க என்று சங்கிலியாக இருந்தால் பிளாக்கருக்குப் பதில் டிபெண்டென்சி.

நான் பார்த்ததில் ரொம்பச் சாதாரணமான காரணம், பட்டியலில் சிஸ்டிஎஸ்என் என்ற பெயரின் கீழ் தெரியும் ஒரு டேட்டா செட்டை யாரோ ஒருவர் டிஎஸ்ஓ-வில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார், அதற்காக ஒரு பெரிய பேட்ச் ஜாப் காத்திருக்கும், அந்த ஜாப் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் இன்னொன்றுக்காகப் பத்து ஜாப் காத்திருக்கும். சங்கிலியின் முதல் ஆளை விடுவித்தால் எல்லாம் கடகடவென்று ஓடும். ஆனால் முதல் ஆளின் பெயர் கேட்டலாக் அட்ரஸ் ஸ்பேஸாகவோ டேட்டாபேஸாகவோ இருந்தால் கான்சல் போடாதீர்கள், சிஸ்டம் புரோகிராமரை எழுப்புங்கள்.

ஜிஆர்எஸ்ஸில் ஒன்றும் தெரியவில்லையா? கன்சோலில் 430ஈ, 431ஐ, 440ஈ தேடுங்கள். எக்ஸ்சிஎஃப் குழுவில் ஓர் உறுப்பினர் தனக்கு வந்த சிக்னலை எடுக்காமல் தேக்கி வைத்திருக்கிறான் என்று சொல்பவை அவை. 440ஈ-இல் இரண்டு சிஸ்டம் பெயர் இருக்கும், அடிபடுவது ஒன்று, அடிக்குக் காரணம் இன்னொன்று. அவசரத்தில் அடிபடும் சிஸ்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு அங்கே தேடி ஒரு மணி நேரம் வீணாக்கினவர்கள் உண்டு. 'டி எக்ஸ்சிஎஃப்,ஜி' போட்டுக் குழு, உறுப்பினர் என்று உள்ளே போனால் ஜாப் பெயர் கிடைக்கும்.

டிஸ்க் பக்கத்தில் ஐஓஎஸ்071ஐ ஸ்டார்ட் பெண்டிங் என்று ஒரே டிவைஸுக்கு வந்துகொண்டே இருந்தால், வேறொரு சிஸ்டம் அந்த வால்யூமை (டிஸ்க்கை) ரிசர்வ் செய்து, அதாவது தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொண்டு, விடாமல் இருக்கலாம். அதையும் ஜிஆர்எஸ்ஸிலேயே 'டி ஜிஆர்எஸ்,டெவ்' என்று டிவைஸ் எண்ணோடு போட்டுப் பார்க்கலாம்.

அறிகுறி: கப்புள் டேட்டா செட் பற்றிய மெசேஜ்கள்

246ஈ என்றால் அந்த டேட்டா செட்டுக்கு எழுதுவது இத்தனை வினாடியாகத் தாமதமாகிறது என்று முன்னெச்சரிக்கை. ஒருமுறை வந்தால் குறித்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் அந்த நேரத்தில் என்ன ஜாப் ஓடுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு மூன்று வாரம் ராத்திரி 1:30-க்கு வந்துகொண்டிருந்தது. அந்த வால்யூமை யாரோ முழு வால்யூம் பேக்கப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், பேக்கப் ரிசர்வ் போட்டு வால்யூமைப் பிடித்துக்கொண்டது. பட்டியலிலிருந்து எடுத்தோம், நின்றுவிட்டது. கப்புள் டேட்டா செட் இருக்கிற வால்யூமை யாரும் ரிசர்வ் செய்யக் கூடாது.

253ஐ-யில் பிரைமரி என்று இருந்தால் முதன்மைப் பதிவேடு போய்விட்டது, மாற்றுப் பதிவேடு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. சிஸ்டங்கள் ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கூடவே வருகிற 267ஈ-ஐத் தவறவிட்டால்தான் வினை. மாற்று இல்லாமல் ஓடுகிறோம் என்று அது சொல்கிறது. இந்த நிலையில் மிச்சமிருக்கிற ஒன்றும் போனால் எல்லா சிஸ்டமும் 0ஏ2-வில் நிற்கும், ஒன்றுகூடத் தப்பாது. அதனால் விடியட்டும் என்று காத்திருக்காமல், தயாராக ஃபார்மட் செய்து வைத்திருக்கும் உபரி டேட்டா செட்டை 'செட்எக்ஸ்சிஎஃப் கப்புள்,ஏகப்புள்' மூலம் உடனே சேர்க்கவும். உபரி தயாராக இல்லாத இடம் என்றால் இன்றைக்கே ஒன்று செய்து வையுங்கள், வேறு கன்ட்ரோல் யூனிட்டின் பின்னால்.

256ஏ, பதிவேட்டை மாற்றும் வேலையை எந்த சிஸ்டம் ஒப்புக்கொள்ளவில்லை என்று பெயரோடு காட்டும். அந்த சிஸ்டத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: 409டி, சிக்னல் பாதை அறுந்தது

இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே பேச்சே இல்லை, ஒன்று ரீட்ரை சொல் அல்லது வெளியேற்ற வேண்டிய சிஸ்டத்தின் பெயரைச் சொல் என்று கேட்கும். 'டி எக்ஸ்சிஎஃப்,பிஐ' உள்வரும் பாதை, 'டி எக்ஸ்சிஎஃப்,பிஓ' வெளிப்போகும் பாதை. ஒர்க்கிங் என்று இல்லாத எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சிக்னல் கப்ளிங் ஃபெசிலிட்டியில் (எல்லா சிஸ்டங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகம்) உள்ள ஸ்ட்ரக்சர் வழியாகப் போகிறது என்றால் 'டி சிஎஃப்' போட்டு இணைப்பையும் பார்த்துவிடுங்கள், ஐஎக்ஸ்எல்158ஐ வந்திருந்தால் எந்தப் பாதை விழுந்தது என்று அதிலேயே இருக்கும். கேபிள் வேலை நடந்து முடிந்த உடனே இது வந்தால் ரீட்ரை கொடுத்தாலே சரியாகிவிடும். சிக்னல் ஸ்ட்ரக்சர்களை இரண்டு தனித்தனி கப்ளிங் ஃபெசிலிட்டியில் வைத்திருக்கிற இடத்தில் இந்தக் கேள்வியே அபூர்வம்.

நேரம் பற்றிய ஐஈஏ394ஏ வந்தால் இவை எதையும் தொடாதீர்கள். அந்த மெஷின் தன் நேர மூலத்தை இழந்துவிட்டது, அது எஸ்டிபி (மெஷின்களின் நேரத்தை ஒத்திசைக்கும் வசதி) பார்க்கிற ஹார்ட்வேர் ஆட்களின் வேலை, உடனே கூப்பிடுங்கள்.

அறிகுறி: தானாக நடக்க வேண்டியது நடக்கவில்லை

எஸ்எஃப்எம் பாலிசி இருக்கிறதே, அப்புறம் ஏன் 402டி வந்து என்னைக் கேட்கிறது? 'டி எக்ஸ்சிஎஃப்,பாலிசி,டைப்=எஸ்எஃப்எம்' போட்டால் பாதி விடை அங்கே. பாலிசி எழுதி வைத்திருப்பார்கள், ஸ்டார்ட் செய்திருக்க மாட்டார்கள். அல்லது ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் எஸ்எஃப்எம் டேட்டா செட் தெரியாமல் இருக்கும், ஒருவனுக்குத் தெரியவில்லை என்றாலும் எல்லோருக்கும் அது வேலை செய்யாது. அல்லது பாலிசியில் ஐசொலேட்டைம் என்பதற்குப் பதில் பிராம்ப்ட் என்று யாரோ பழைய காலத்தில் போட்டு வைத்திருப்பார்கள், அது சொன்னபடியே கேட்கிறது. ஐசொலேட்டைம் பூஜ்யம் என்று வைத்தால், கெடு முடிந்து சிக்னலும் இல்லை என்றதும், கப்ளிங் ஃபெசிலிட்டி வழியாக அந்த சிஸ்டத்தின் ஐஓ-வையே (டிஸ்க்கில் படித்து எழுதுவதையே) வெட்டிவிட்டு அதன் பிறகுதான் வெளியேற்றும். மனிதன் ராத்திரி ரெண்டு மணிக்குச் செய்வதைவிட அது பத்திரம். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

இன்னொன்று, 165 வினாடி காத்திருக்காமலேயே கண்டுபிடிக்கிற வழி இருக்கிறது. பிசிபிஐஐ என்ற வசதி வழியாக ஒரு சிஸ்டம் மற்றதன் நிலையை ஹார்ட்வேரிடமே நேராகக் கேட்கும்: அந்த எல்பார் வெயிட் ஸ்டேட்டில் நிற்கிறதா, ரீசெட் ஆகிவிட்டதா? ஆம் என்று பதில் வந்தால் உடனே பிரித்துவிடும், யாரையும் கேட்காது. இசட் ஓஎஸ் 1.11-லிருந்து இருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் இது ஓடாமல் கிடக்கிறது. 104ஐ என்ற மெசேஜைத் தேடிப் பாருங்கள், இந்த சிஸ்டம் மற்றவர்களைக் கேட்கத் தகுதி உடையதா, இல்லை என்றால் ஏன் என்று அதில் இருக்கும். எச்டபிள்யூஐபிசிபிஐஐ அட்ரஸ் ஸ்பேஸ் ஓடவில்லையா, அதற்கான பாதுகாப்பு அனுமதி கொடுக்கவில்லையா, அல்லது அதிகம் பேர் மறக்கிற மூன்றாவது விஷயமா: சிஸ்ப்ளெக்ஸ் கப்புள் டேட்டா செட்டையே எஸ்ஸ்டாட்டெட் என்ற உருப்படியோடு புதிதாக ஃபார்மட் செய்திருக்க வேண்டும். ஓஎஸ்ஸை ஏற்றியவர்கள் பதிவேட்டைப் பழசாகவே விட்டிருப்பார்கள்.

செய்கிற வரிசை இது. புதிய உருப்படியோடு மூன்று டேட்டா செட் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், ஒன்று உபரி. முதலாவதை ஏகப்புள் மூலம் மாற்றாகச் சேருங்கள், பிஸ்விட்ச் கொடுத்து அதை முதன்மையாக்குங்கள், இரண்டாவதை ஏகப்புள் மூலம் மாற்றாகச் சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், யாரையும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒருமுறை பெரிய பதிவேட்டுக்கு மாறிவிட்டால், எல்லா சிஸ்டத்தையும் நிறுத்தி ஐபிஎல் (மறுபடி துவக்கம்) செய்யாமல் பழைய சிறியதுக்குத் திரும்ப முடியாது. அதனால் பிஸ்விட்ச் என்று தட்டுவதற்கு முன்னால் மாற்றுப் பதிவேட்டின் பெயரையும் வால்யூமையும் 'டி எக்ஸ்சிஎஃப்,சி'-யில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கிறவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.